சான்றிதழ்கள் விளையாட்டுத் திடலாகிவிடா

பிரதமர் மோடி 2019 ஆகஸ்ட் 29 அன்று ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். பள்ளிகளுக்குக் கொடி, 3 நட்சத்திரம், 5 நட்சத்திரம் எனத் தரச்சான்றுகள் அறிவிக்கப்பட்டன. உடற்கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்க வேண்டும், திடல் இருக்க வேண்டும், ஒவ்வொரு மாணவரும் நாள்தோறும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்பவை கொடி பெறுவதற்கான நிபந்தனைகள். இவை நல்ல நிபந்தனைகளே. ஆனால் அந்த ஆசிரியரை நியமிப்பது யார்? திடலை அமைப்பது யார்? தன்னைத்தானே மதிப்பிட்டு, இணையதளத்தில் சான்றுக்கு விண்ணப்பிக்குமாறு பள்ளியிடம் சொல்லிவிட்டு ஒன்றிய அரசு ஒதுங்கிக்கொண்டது.

சட்டத்தின் நிலையும் இதுதான். கல்வி உரிமைச் சட்டம், 2009, ஒவ்வொரு பள்ளிக்கும் திடல் வேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்பது 6 முதல் 8ஆம் வகுப்பு வரை, அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால் மட்டுமே. தொடக்கப் பள்ளிக்கு அதுவும் இல்லை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளையும் அவர்களே நடத்த வேண்டும். விளையாட்டுப் பொருள்களுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் தொடக்கப் பள்ளிக்கு வழங்குவது ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய். நாளொன்றுக்கு 14 ரூபாய்கூட இல்லை.

இந்நிலையில்தான் ‘வகுப்பாசிரியருக்குப் பயிற்சி’ என்பது தீர்வாக முன்வைக்கப்படுகிறது. 2020 அக்டோபர் முதல் ‘நிஷ்தா’ ஆசிரியர் பயிற்சி ‘தீக்ஷா’ தளத்தின் வழியே இணையத்துக்கு மாறியது. பிள்ளைகளை ஓடியாட வைக்க வேண்டிய ஆசிரியர், உடல்நலப் பாடத்தைச் செல்பேசியின் முன் அமர்ந்து கற்கிறார்! நெருக்கடியான வகுப்பறையில் 40 பிள்ளைகளை எப்படி இயங்க வைப்பது, மாற்றுத்திறனாளிப் பிள்ளையை ஆட்டத்தில் எப்படிச் சேர்ப்பது, அடிபட்டால் முதலுதவி எப்படிச் செய்வது என்பவற்றைத் திடலில் இறங்கித்தான் கற்க முடியும். தோப்புக்கரணத்தையும் மைதானத்தைச் சுற்றி ஓடுவதையும் தண்டனையாக்கும் வழக்கத்தைக் களைவதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். உடல்ரீதியான தண்டனையைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது.

ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில், தமிழக எல்லையிலுள்ள தடாவை எடுத்துக்கொள்வோம். அதனருகே ஸ்ரீசிட்டி சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கிடைத்தது. அங்குள்ள ஏழைத் தொழிலாளர்கள், பழவேற்காடு ஏரி மீனவர்கள், விவசாயத் தொழிலாளர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியே கதி. அந்தப் பள்ளிகளுக்கு நேர்ந்தது என்ன? 2022 ஜூனில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் அரசு, அரசாணை 117 மூலம் தொடக்கப் பள்ளிகளின் 3, 4, 5ஆம் வகுப்புகளை உயர்நிலைப் பள்ளிகளுடன் இணைக்கத் தொடங்கியது. புத்தகப் பையைச் சுமந்து அடுத்த ஊருக்கு நடப்பதே சிறார்களின் உடற்பயிற்சி ஆனது. ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் எதிர்த்துப் போராடினர். 2025இல் தெலுங்கு தேசம் கூட்டணி அரசு அந்த ஆணையைக் கைவிட நேர்ந்தது.

ஆனால் அதே ஆண்டு ஜூன் 21 அன்று, மோடி முன்னிலையில் விசாகப்பட்டினம் கடற்கரையில் சாதனை நோக்குடன் லட்சக்கணக்கானோரைத் திரட்டி யோகா விழா நடத்தியது இந்த அரசு. ஒரு நாள் காட்சிக்கு அரசு இயந்திரம் முழுவதையும் முடுக்கிவிட முடிந்தவர்களால், ஆண்டுக்கு 200 நாள் நடக்கும் பள்ளிக்கு ஓர் உடற்கல்வி ஆசிரியரைத் தர முடியாதா?

எல்லைக்குத் தெற்கேயும் நிலைமை வேறில்லை. தமிழகத்தில் 2012இல் உடற்கல்வி, ஓவியம் உள்ளிட்ட பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். அவர்களை நிரந்தரமாக்குவதாக 2021 தேர்தலில் திமுக வாக்களித்தது. 2024இல் அவர்கள் கண்டது 12,500 ரூபாய்த் தொகுப்பூதியமே.

“உழைப்பாளி வீட்டுப் பிள்ளை தானாகவே ஓடியாடும், பாட நேரத்தை வீணாக்குவானேன்?” என்ற குரல் நம் அணிகளிலும் கேட்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு விடையளிக்கிறது. உலகெங்கும் 11 முதல் 17 வயது வரையிலான ஆண்களில் 78 சதவீதத்தினருக்கும் பெண்களில் 85 சதவீதத்தினருக்கும் போதிய உடலியக்கம் இல்லை. வீட்டு வேலை முதுகை வளைக்கும். விளையாட்டுக்கு அது ஈடாகாது. பள்ளிக்கு வெளியே பெண் குழந்தைக்குத் திடல் கிடைப்பது அரிது. பள்ளியும் மறுத்தால் அவள் எங்கே செல்வாள்? பணம் படைத்தோர் நீச்சல் குளத்தையும் பயிற்சியாளரையும் கட்டணம் கட்டிப் பெறுகின்றனர். உடல் வளர்ச்சியிலும் வர்க்கக் கோடு கிழிக்கப்படுகிறது.

எனவே ஆசிரியர் பயிற்சியை நாம் நிராகரிக்கவில்லை. முழுமையாக வேண்டும் என்கிறோம். பணி நேரத்திலேயே நேரடிப் பயிற்சி, எல்லை மண்டலங்களின் தமிழ்வழி ஆசிரியர்களுக்குத் தமிழில் பயிற்சி, தொடக்கப் பள்ளி உட்பட அனைத்துப் பள்ளிகளிலும் நிரந்தர உடற்கல்விப் பணியிடம், ஒவ்வொரு பள்ளிக்கும் திடல், கல்வி சாராப் பணிகளிலிருந்து ஆசிரியர்களுக்கு விடுதலை ஆகியவையே கோரிக்கைகள். கட்சிக் கிளைகள் தத்தம் பகுதிப் பள்ளிகளின் திடலையும் காலிப் பணியிடங்களையும் கணக்கெடுத்து, பெற்றோரையும் ஆசிரியர் சங்கங்களையும் வாலிபர், மாதர், மாணவர் அமைப்புகளையும் ஓரணியில் திரட்ட வேண்டும். அரசாணை 117ஐப் பின்வாங்க வைத்த ஒற்றுமை, திடலையும் ஆசிரியரையும் பெற்றுத் தரும்.