பட்டங்கள் உதிர்ந்த வாரம்

ஆகஸ்டுத் திங்களின் கடைசி வாரம். நாட்காட்டியிலே ஏழே ஏழு தாள்கள். கிழித்தெறிந்தால் குப்பை, படித்தறிந்தால் பாடம்! இராகு காலம் எது, எமகண்டம் எது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுவோர் புரட்டட்டும். நாம் கேட்பது வேறு. இந்த வாரத்திலே மனிதன் மனிதனாக நிமிர்ந்த நாட்கள் எவை? அவன் நிமிர்வதற்காக, மேலே இருந்தவர் எதை விட்டுக் கொடுத்தார்?

ஆகஸ்டு 26. ஆண்டு 1789. பிரான்சு நாட்டு மக்கள் மன்றம் மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றிற்று. பிறப்பாலும் உரிமையாலும் மாந்தர் சமம் என்றது அந்த ஏடு. அடுத்த ஆண்டிலே பரம்பரைப் பிரபுப் பட்டங்களும் ஒழிந்தன. வாழ்க! ஆனால் அதே பிரான்சுக்குச் சொந்தமான கரும்புத் தீவுகளிலே கறுப்பு மக்கள் விலங்கோடு கிடந்தனர். 1794இல் விலங்கு உடைந்தது. 1802இல் நெப்போலியன் மீண்டும் பூட்டினான். 1848இல்தான் முற்றாக ஒழிந்தது. ஏட்டிலே சமத்துவம், எஸ்டேட்டிலே சவுக்கு!

27ஆம் நாளைச் சற்றே நிறுத்தி வைப்போம். அது நம் வீட்டு நாள்.

ஆகஸ்டு 28. ஆண்டு 1833. அடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு ஆங்கில மன்னர் ஒப்பமிட்டார். இரண்டு கோடி பவுன் இழப்பீடும் ஒதுக்கினர். யாருக்கு? முதுகு கிழிந்தவனுக்கா? இல்லை, சவுக்கு பிடித்தவனுக்கு! அதிலும், கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்று விலக்கு வேறு. கம்பெனி ஆட்சியிலே அடிமை முறைக்கு எதிரான சட்டம் வர 1843 ஆயிற்று. விடுதலை பெற்றவன் விட்டுச் சென்ற கரும்புக் காட்டிலே உழைக்க, 1834 முதல் மொரீஷியசுக்குக் கப்பல் கப்பலாகச் சென்ற ஒப்பந்தக் கூலிகளிலே நம் தமிழரும் உண்டு.

அறிவிப்பது எளிது; இழக்க முன்வருவதுதான் அரிது என்பதற்கு இவ்விரு நாட்களும் சான்று.

இனி நம் நாளுக்கு வருவோம். ஆகஸ்டு 27, 1944. ஆட்டையாம்பட்டியிலே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் சேலத்திலே நீதிக்கட்சி மாநாடு. பிரெஞ்சுப் பெண்களுக்கு 1944இல்தான் கிடைத்த வாக்குரிமையை, 1921லேயே சென்னை மாகாணப் பெண்களுக்குத் தன் ஆட்சியிலே வழங்கிய கட்சி அது. எனினும் ஜமீன்தார் கட்சி, சீமான்கள் கட்சி என்று மாற்றார் ஏசினர். ஏச்சுக்கு இடந்தந்தவை எவை? சர், திவான் பகதூர், ராவ் பகதூர் என்ற வால்கள்!

அந்த வால்களை அறுக்கத் தீர்மானம் வந்தது. தலைவர் தந்தை பெரியார். தீர்மானத்தின் பெயர் அண்ணாதுரை தீர்மானம். அண்ணாவுக்கு அன்று வயது 34. வெள்ளையன் தந்த பட்டங்களைத் துறந்திடுக! நியமனப் பதவிகளை விட்டு விலகுக! பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை நீக்குக! திராவிடர் கழகம் என்ற பெயரும் அங்கேதான் பிறந்தது. எதிரியிடம் கேட்டதல்ல இது. தன் சொந்தக் கட்சிக்காரரிடம் கேட்டது. இழப்பீடு உண்டா? ஒரு காசு இல்லை!

மனமில்லாதோர் பழைய பெயரோடு தனித்து நின்றனர். 1952 தேர்தலிலே அவர்கள் பெற்றது ஒரே இடம், பி.டி. இராசன் வென்ற இடம். துறந்தவர் வழியே வந்த அண்ணாவோ 1967இல் கோட்டையிலே முதலமைச்சர்!

1947 ஆகஸ்டு 29இல் அரசியல் சட்ட வரைவுக் குழு அமைந்தது. அண்ணல் அம்பேத்கர் அதன் தலைவரானார். அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது; 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்தது. சேலத்திலே ஒரு கட்சி தனக்குத் தானே இட்ட கட்டளை, ஆறாண்டுக்குள் நாட்டுக்கே சட்டமான விந்தையைப் பாரீர்!

இந்த வாரத்திலே இன்னொரு பொருத்தம். பொதுச் சாலையிலே வில்வண்டி ஓட்டிச் சாதித் தடையை உடைத்த அய்யன்காளி பிறந்தது 1863 ஆகஸ்டு 28. சரியாக நூறாண்டு கழித்து, 1963 ஆகஸ்டு 28இல், மார்ட்டின் லூதர் கிங் வாஷிங்டனிலே சுமார் இரண்டரை லட்சம் மக்கள் முன் முழங்கினார். வெங்ஙானூரிலே தெரு, அமெரிக்காவிலே பள்ளியும் பஸ்ஸும். பூட்டு வேறு, பூட்டியவன் மனம் ஒன்றே!

பழங்கதை பேசவா இவ்வளவும்? அன்று. மாணவர் மணிக்கட்டிலே சாதிக்கொரு வண்ணக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரிலே சாதி கூடாது என்று 2024 ஜூனிலே நீதிபதி சந்துரு குழு பரிந்துரைக்க நேர்ந்ததே, ஏன்? 1944இல் பெரியவர்கள் அறுத்தெறிந்த வால், பேரப்பிள்ளைகளின் கையிலே கயிறாக முளைத்ததால்தான்!

தறியையும் பாவையும் அறிந்த ஊர் ஆட்டையாம்பட்டி. பல வண்ண நூல் ஒன்றோடொன்று பின்னினால் துணி. வண்ணத்துக்கு ஒரு கூட்டமாகப் பிரிந்து நின்றால் வெறும் சிக்கல். இதை நெசவாளித் தோழருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் வீட்டுப் பிள்ளைக்கு அவர் சொல்லித்தர வேண்டும். சட்டம் பள்ளி வாயில் வரை வரும். கயிற்றை அவிழ்க்கும் கை வீட்டிலேதான் இருக்கிறது.

சர் பட்டத்தையே உதறச் சொன்னது சேலம். ஒரு முழக் கயிறா நமக்குப் பெரிது?