கேமரா வாங்கறதுக்கு முன்னாடி கடலூரைப் பாருங்க!

"போட்டோகிராஃபி கத்துக்கணும் பாஸ், என்ன கேமரா வாங்கலாம்?"

புதுசா ஆரம்பிக்கிற யாரைப் பார்த்தாலும் முதல்ல கேக்கறது இதைத்தான். என் பதிலும் எப்பவும் ஒண்ணுதான்: எதுவும் வாங்காதீங்க. அட, கோவப்படாதீங்க, ஒரு ஆறு மாசத்துக்குத்தான் சொல்றேன். :-)

ப்ரோக்ராமிங் கத்துக்க வர்ற பையன் "எந்த லேப்டாப் வாங்கணும்ணே?"ன்னு ஆரம்பிச்சா பொட்டி தட்டற நமக்கெல்லாம் சிரிப்பு வரும்ல? அதே கதைதான் இது. பாக்கெட்ல இருக்கற போன் ஆரம்பப் பாடத்துக்குத் தாராளமா போதும். போட்டோகிராஃபில முதல்ல கத்துக்க வேண்டியது வெளிச்சம். அதை எந்தக் கடையிலயும் விக்கறதில்ல. எங்க கடலூர், சிதம்பரம் பக்கம் அது காலைல ஆறு மணிக்கே ஓசில கெடைக்குது.

சும்மா ஊர்ப் பெருமைக்காகச் சொல்லல. கடலூர்லேர்ந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். இந்த ஒரு மணி நேர பஸ் பயணத்துக்குள்ள ஒரு ஆரம்பநிலைப் படக்காரனுக்கான மொத்த சிலபஸும் இருக்கு. வரிசையா சொல்றேன், பாருங்க.

முதல் பாடம், தேவனாம்பட்டினம் சில்வர் பீச். நம்ம கடல் கிழக்கு பார்த்த கடல். காலைல கடலைப் பார்த்து நின்னா சூரியன் எதிர்ல. படகும் மனுஷங்களும் கருப்பு உருவமா வருவாங்க. சாயங்காலம் அதே இடத்துல நின்னா சூரியன் முதுகுப் பக்கம். அதே படகோட பெயிண்ட், அதுல எழுதின பேர், வலையோட கலர் எல்லாம் பளிச்சுன்னு வரும். கேமரா அதே, ஆள் அதே, இடமும் அதே. மாறினது வெளிச்சம் வர்ற திசை மட்டும். இது மண்டையில ஏறிடுச்சுன்னா பாதி போட்டோகிராஃபி வந்தாச்சு.

மத்தியானம் மணல்ல படம் எடுத்தா மணல் அழுக்குச் சாம்பலா தெரியுதுன்னு சிலர் பொலம்புவாங்க. போன்ல கோளாறு ஒண்ணும் இல்ல. எதைக் காட்டினாலும் அது சராசரி சாம்பல் நிறம்னு நினைச்சுக்கிட்டுதான் கேமராவோட மீட்டர் கணக்குப் போடும். வெள்ளை மணலைக் காட்டினா "ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு தானே கொறைச்சிடும். திரையில விரலை வெச்சுத் தொட்டு, சூரியன் மாதிரி ஒரு குறி வருதே, அதைக் கொஞ்சம் மேல தள்ளுங்க. மணல் மணல் கலருக்கு வந்துடும். இதுக்குப் பேர்தான் எக்ஸ்போஷர் காம்பென்சேஷன். பேர்தான் பெருசு, மேட்டர் சிறுசு.

ரெண்டாவது பாடம், பிச்சாவரம். 1975ல வந்த 'இதயக்கனி'யில எம்ஜிஆர் படகுல போனாரே, அந்த அலையாத்திக் காடு. சின்ன வாய்க்காலுக்குள்ள படகு நுழைஞ்சதும் மேல மரக்கூடாரம், கீழ கருந்தண்ணி, நடுநடுல ஊசி மாதிரி வெயில். கண்ணுக்கு அருமையா இருக்கும், படத்துல பாதி வெளுத்துப் போயிருக்கும். இங்க பீச்சுக்கு நேர் எதிர். வெளிச்சத்தைக் கொஞ்சம் கொறைச்சு எடுக்கணும். வெளுத்துப்போன எடத்தை எந்த சாஃப்ட்வேராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. இருட்டுல இருக்கறதை ஓரளவு மீட்கலாம்.

மூணாவது, சிதம்பரம் கீழ வீதி. ஏழு நிலைக் கோபுரத்தைக் கிட்டக்க நின்னு போனைத் தூக்கிப் புடிச்சு எடுத்தா கோபுரம் பின்பக்கம் சாஞ்ச மாதிரி விழும். போனோட சாதாரண லென்ஸ் அகலமா பாக்கற லென்ஸ், அதை மேல நிமித்தினா நேர்கோடெல்லாம் மேல போய்ச் சேர ஆரம்பிச்சிடும். பின்னால நடந்து போங்க. சன்னதித் தெரு முழுக்க நடந்து போய்த் திரும்பிப் பார்த்து, ரெண்டு மடங்கு ஜூம்ல எடுங்க. கோபுரம் நிமிந்து நிக்கும். கூடவே பூக்கடையும் சைக்கிளும் சேந்து வரும். கீழக் கோபுரத்துக்குக் காலை வெயில் முகத்துல விழும். சாயங்காலம் அதே கோபுரம் வானத்துல வெட்டி ஒட்டின நிழல் மாதிரி நிக்கும். ரெண்டுமே நல்ல படம்தான், உங்களுக்கு எது வேணும்னு முடிவு பண்ணிட்டுக் கெளம்புங்க. கோயிலுக்கு உள்ளே போட்டோ எடுக்கத் தடை. அதை மீறி ஒளிஞ்சு எடுக்கறதுல ஒரு வீரமும் இல்ல.

கணக்குப் பாடம் பிடிக்கறவங்களுக்கு ஒண்ணு. நல்ல வெயில்ல எஃப் 16 வெச்சு, ஐஎஸ்ஓ எவ்வளவோ அதுல ஒரு பங்கு ஷட்டர் வேகம் வெச்சா வெளிச்சம் சரியா இருக்கும். ஐஎஸ்ஓ 100னா கிட்டத்தட்ட 1/100 நொடி. பிலிம் காலத்து வாய்ப்பாடு இது, இன்னிக்கும் வேலை செய்யுது. எஃப் 16லேர்ந்து 11, 8, 5.6ன்னு ஒவ்வொரு படி எறங்கும்போதும் வெளிச்சம் ரெட்டிப்பாகும், அதுக்கேத்தாப்ல ஷட்டரைப் பாதியாக்கணும். நம்ம போன்கள்ல பெரும்பாலும் இந்த எஃப் எண் மாறாது. மாத்த முடியறது ஷட்டரும் ஐஎஸ்ஓவும்தான். ஆறு மாசம் கழிச்சு "இது பத்தலை"ன்னு நீங்களே உணரும்போது, அதாவது விடியக்காலை மீன் ஏலத்துல ஆடற கை உறையணும்னு தேவை வரும்போது, பழைய டிஎஸ்எல்ஆரோ மிரர்லெஸ்ஸோ ஒண்ணும், 50 மிமீ 1.8 லென்ஸ் ஒண்ணும் வாங்கினா போதும். தேவை தெரிஞ்சு வாங்கறவன் ஏமாற மாட்டான்.

இதுவரைக்கும் சொன்னது எந்த யூட்யூப்காரரும் சொல்வார். எனக்கு முக்கியமா படறது இனிமே சொல்லப்போறது.

உலகம் பூரா தெரிஞ்ச ஒரு போட்டோ கடலூர்ல எடுத்தது. நம்மாளுங்க பல பேருக்கு இது தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமி. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு, 28ஆம் தேதி, ராய்ட்டர்ஸ் போட்டோகிராஃபர் ஆர்கோ தத்தா எடுத்த படம் அது. மணல்ல ஒரு பெண் குப்புற விழுந்து கெடக்கறாங்க. ரெண்டு உள்ளங்கையும் வானத்தைப் பார்த்து விரிஞ்சிருக்கு. செத்துப்போன சொந்தக்காரரோட கை மட்டும் படத்தோட ஓரத்துல தெரியுது. அவ்வளவுதான். அந்த ஆண்டுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது அதுக்குத்தான் கெடைச்சது.

அந்தப் படத்துல என்ன இல்லைன்னு பாருங்க. அலை இல்ல, இடிஞ்ச வீடு இல்ல, செத்தவர் முகம் இல்ல. அத்தனை பெரிய சாவை ஒரு கையை வெச்சுச் சொல்லிட்டார். எதைப் படத்துக்குள்ள வெக்கறதுங்கறதை விட எதை வெளியே விடறதுங்கறதுதான் இந்தத் தொழிலோட கஷ்டமான பாடம். அதுக்கு எங்க ஊர்ப் படத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

ஆனா அந்தப் படத்தைப் பாக்கும்போதெல்லாம் இன்னொண்ணும் உறுத்தும். அந்தச் சமயத்துல அது செய்தி. உலகம் பாக்க வேண்டிய அவசியம் இருந்தது. நிவாரணம் வர்றதுக்கு அந்த மாதிரிப் படங்களும் தேவைப்பட்டுச்சு. அதுல எனக்குச் சண்டை இல்ல. அப்புறம் 2011 டிசம்பர் 30 தானே புயல், முறிஞ்சு கெடந்த முந்திரியும் பலாவும். 2015 நவம்பர் வெள்ளம், இடுப்பளவு தண்ணி. ஒவ்வொரு தடவையும் கேமராக்கள் வந்துச்சு, படம் எடுத்துச்சு, போயிடுச்சு. ஆக, வெளியூர்க்காரன் கண்ணுக்குக் கடலூர்னா அழுகை, புயல், தண்ணி. நடுவுல இருக்கற சாதாரண நாளெல்லாம் எங்க போச்சு?

ஓல்டு டவுன்ல மீன் ஏலம் போடற அம்மா குரலெடுத்துக் கூவுற அந்த நொடி, கெடிலம் கரையில துவைச்சுக் காயப்போட்ட துணி, திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுல பேரம் பேசற கூட்டம், அண்ணாமலை நகர்ல சைக்கிள்ல போற பசங்க. இதையெல்லாம் எடுக்க எந்த ஏஜென்சியும் ஆளனுப்பாது. உள்ளூர்ல இப்பத்தான் கத்துக்குட்டியா ஆரம்பிக்கிறவன்தான் எடுக்கணும். லடாக் போய் எடுக்க ஆயிரம் பேர் இருக்கான். உங்க தெருவை எடுக்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.

இதுக்கு ஒரே ஒரு நிபந்தனை: கேட்டுட்டு எடுங்க. "யக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டா பத்துல எட்டு பேர் சிரிச்சுக்கிட்டே சரிம்பாங்க. வேணாம்னா விட்டுடணும், பேரமே கூடாது. "கேட்டா இயல்பு போயிடுமே"ன்னு சிலர் சொல்வாங்க. போகாதுங்க. அஞ்சு நிமிஷம் அங்கயே உக்காந்து பேசிக்கிட்டிருந்தா கேமராவை மறந்து அவங்க வேலையைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. சுனாமிக்கப்புறம் துக்கத்துல இருந்தப்ப கேமராக்கள் மொய்ச்ச ஊர் இது. அந்த மக்கள்கிட்ட நல்ல நாள்லயாவது அனுமதி கேக்கறது மரியாதை. அடுத்த தடவை போறப்ப நாலுக்கு ஆறு சைஸ்ல ஒரு பிரிண்ட் போட்டுக் கையில குடுங்க. செலவு ஒரு டீக்காசு அளவுதான் ஆகும். வெள்ளத்துல ஆல்பம் ஒட்டிப்போய் பழைய படம் ஒண்ணு கூட மிஞ்சாத வீடுகள் எங்க பக்கம் உண்டு. நீங்க குடுக்கற அந்த ஒரு பிரிண்ட் அங்க சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டப்படும். எந்த லைக்கும் அதுக்கு ஈடாகாது.

எடுத்ததைப் பத்திரப்படுத்தறதும் கலையில சேர்த்திதான். வாட்ஸப்ல போட்டா படம் சுருங்கிடும், அதனால மூலக் கோப்பைத் தனியா வெச்சுக்கோங்க. வீட்ல ரெண்டு எடத்துல, வெளியே ஒரு எடத்துல. தேதி படத்துக்குள்ளயே பதிவாகியிருக்கும், ஆனா அது எந்தத் தெரு, என்ன தொழில், என்ன விசேஷம்னு எந்தக் கேமராவும் எழுதி வெக்காது. நீங்கதான் ஒரு வரி எழுதணும். அந்த ஒரு வரி இல்லாத படம் முப்பது வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தரோட படம்.

ஆரம்பிக்கிறவங்களுக்கு வீட்டுப்பாடம் இதான். உங்க வீட்லேர்ந்து நடந்து போற தூரத்துல ஒரே ஒரு இடம். காலை ஆறு மணி, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு. மாசத்துல ஒரு நாள், பன்னெண்டு மாசம். மொத்தம் முப்பத்தாறு படம். மழைக்காலம் வரும், வெயில் காலம் வரும், ஒரு கடை மூடும், ஒரு மரம் போகும். வருஷக் கடைசியில வெளிச்சமும் கத்துக்கிட்டிருப்பீங்க, உங்க ஊரும் கொஞ்சம் உங்ககிட்ட பத்திரமா இருக்கும். அதுக்கப்புறம் வந்து கேளுங்க, என்ன கேமரா வாங்கலாம்னு.

டிஸ்கி: "எங்க ஊர்ல எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல"ன்னு யாராவது சொல்ல வந்தா, ஊர் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க. நானே பஸ் ஏறி வர்றேன். :-)