ஆமைக்குப் பத்தியம்

"இவன் இறாலைத் தவிர வேறெதையும் தொடமாட்டான்."

நான்கு ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூர் வாழ்வை முடித்துக்கொண்டு சொந்த நாட்டுக்குக் கிளம்பிய அண்டை வீட்டுக்காரர் தம் ஆமையை எங்களிடம் ஒப்படைக்கும்போது சொன்னது இது. கூடவே ஒரு டப்பா நிறைய உலர் இறால். குரலில் கவலை ஏதும் இல்லை. பிள்ளை தோசையைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று விருந்தினரிடம் சொல்லும் தாயின் அலுப்பும், அதற்கடியில் மெல்ல எட்டிப் பார்க்கும் பெருமையும்தான் இருந்தன. நாங்களும் நம்பினோம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அந்த நம்பிக்கையிலேயே இறால் போட்டுவந்தோம். அது தவறு என்பதையும், எங்கள் சோம்பலுக்கு அது மிகவும் வசதியாக இருந்தது என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

அவன் செங்காது ஆமை இனத்தைச் சேர்ந்தவன். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் நன்னீர் ஆமை. மிசிசிப்பி ஆற்றுப் பகுதி அதன் பூர்வீகம். சிங்கப்பூரில் வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதிக்கும் மிகச் சில ஊர்வனவற்றுள் இதுவும் ஒன்று. ஆகவே எங்களுடையது போன்ற வீவக அடுக்குமாடி வீடுகளின் கண்ணாடித் தொட்டிகளில் இதை அடிக்கடி காணலாம். ("ஆமை புகுந்த வீடு" என்று முதல் வாரம் முழுக்க என் அம்மா முணுமுணுத்தார். பிறகு அவருக்குத்தான் அவன்மீது பாசம் அதிகமாயிற்று. அதனால் வந்த சிக்கலைப் பின்னால் சொல்கிறேன்.)

இந்த ஆமை குட்டியாக இருக்கையில் பெரும்பாலும் புலாலுண்ணி. பூச்சி, புழு, நத்தை, சிறு மீன் என்று தின்று வளரும். வளர வளர அதன் உணவு தாவரத்தின் பக்கம் சாயும். 1969இலேயே கிளார்க், கிப்பன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 'கோப்பியா' என்ற ஆய்விதழில் இந்த மாற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வளர்ந்த ஆமை பாசியையும் நீர்ச்செடிகளையும் தின்பது இயல்பு. புலால் கிடைத்தால் விடாது என்பதும் இயல்பு. ஆனால் ஆற்றில் மீனைத் துரத்திப் பிடிக்க வேண்டும். செடி ஓடாது. எங்கள் தொட்டியிலோ இறால் வானத்திலிருந்து விழுந்தது, அதுவும் வேளை தவறாமல். கீரை எப்போதாவது, ஒப்புக்கு ஒரு துண்டு. பந்தியில் ஜிலேபியை மட்டுமே பரிமாறிவிட்டு, இவர் சோறு தொடமாட்டார் என்று ஒருவரைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால் எப்படி இருக்கும்? அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். வள்ளுவர் ஐந்தடக்கலுக்கு ஆமையை உவமை சொன்னார். இறால் டப்பா திறக்கும் ஓசை கேட்ட ஆமையை அவர் பார்த்ததில்லை போலும்.

ஒரு நாள் காலை அவன் கண் திறக்கவில்லை. இரு இமைகளும் பயறு போல வீங்கியிருந்தன. கண் தெரியாததால் இறாலைக்கூட எடுக்கவில்லை. சுவரில் முட்டி முட்டித் திரும்பினான். அப்போது எட்டு வயதான என் மகள் பள்ளிச் சீருடையோடு தொட்டியருகே நின்றுகொண்டு, "அவனுக்கு இது ராத்திரின்னு நெனச்சுக்கிட்டு இருப்பானாப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரைத் தேடிப் போனோம். அவர் முதலில் கேட்டதே என்ன தின்கிறான் என்பதைத்தான். வைட்டமின் ஏ குறைபாடு. உலர் இறாலில் அந்தச் சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். அது குறையும்போது கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் உட்படலம் தடித்து அடைத்துக்கொள்கிறது, இமை வீங்குகிறது. ஊசி போட்டார். அளவு மிஞ்சினால் தோலே உரிந்துவிடும், ஆகவே நீங்களாக எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தார். மூன்று வாரத்தில் கண் திறந்தது. உணவு மாறாவிட்டால் மீண்டும் இங்கேயேதான் வருவீர்கள் என்று சொல்லியனுப்பினார்.

அவன் தேறி, பழையபடி நீந்தத் தொடங்கிய பிறகே பத்தியம் தொடங்கினேன். இறால் கிடையாது, காய்கறி மட்டும். நன்றாக வளர்ந்த, நோயற்ற ஆமைக்குச் சில நாள் உண்ணாமலிருப்பது பெரிய விஷயமில்லை. நம்மைப்போல உடலைச் சூடாக வைத்திருக்க அது எதையும் செலவிடுவதில்லை. (குட்டிக்கும் நோயுற்ற ஆமைக்கும் இது பொருந்தாது.) ஆனால் நான் செய்த முதல் காரியமே அசட்டுத்தனமானது. காரட்டையும் லெட்டூஸ் இலையையும் நறுக்கி, அவன் வெயில்விளக்கில் காயும் கல்லின்மேல் அழகாக அடுக்கிவைத்தேன். இந்த ஆமைக்கு நீருக்குள்தான் விழுங்க முடியும் என்பது நான்கு நாள் கழித்துத்தான் உறைத்தது. பட்டினி போட்டது போதாதென்று எட்டாத பந்தி வேறு.

ஆறாம் நாள் இரவு தொட்டியில் ஓர் இறால் மீசை மிதந்தது.

அம்மாதான். நான் கோபமாகக் கேட்டதும் அவரும் விடவில்லை. "வாயில்லாச் சீவனைப் பட்டினி போட்டு என்ன புண்ணியம் கட்டிக்கப் போறே? சின்ன வயசுல பாகற்காய் வேண்டாம்னு நீ அழுதப்போ உன்னைப் பட்டினியா போட்டேன்?" போடவில்லை, உண்மைதான். வெல்லம் போட்டுச் சமைத்தார். பிறகு வெல்லத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். எனக்குத் தெரியவே இல்லை. அந்தச் சண்டையின் நடுவில்தான் எங்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் வழி தெரிந்தது.

இறாலைப் பொடித்து நீரில் கரைத்து, தீக்குச்சி அளவு நறுக்கிய காரட்டை அதில் ஊறவைத்தார் அம்மா. பல் இல்லாத, அலகால் கிழித்துத் தின்னும் பிராணி அது. மிதக்கும் முழு இலை அதன் முகத்தைவிட்டு நழுவிக்கொண்டே போகும். ஆகவே லெட்டூஸைத் துணிக்கவ்வியால் தொட்டி விளிம்பில் மாட்டி, பாதி நீருக்குள் தொங்கவிட்டோம். காலையில் விளக்கு எரிந்து உடல் சூடேறிய பிறகே, பசிக்கும் நேரத்தில், கொடுத்தோம். 11ஆம் நாள் காரட்டைக் கடித்தான். துப்பினான். மறுபடி கடித்தான். ஆமைக் கண்ணுக்கு நிறம் நன்றாகத் தெரியும் என்பார்கள். பச்சை இலையைத் தொட மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. அதன் பிறகு இறால் நீரை நாளுக்கு நாள் நீர்க்கச் செய்தோம். எல்லாக் கீரையும் ஆகாது என்பதையும் இடையில் கற்றுக்கொண்டோம். பசலை போன்றவற்றில் உள்ள ஆக்சலேட், ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. ஐஸ்பெர்க் லெட்டூஸில் தண்ணீரைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை.

நண்பர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, அதன் விருப்பப்படி விட்டால்தான் என்ன, நம் ஒழுக்கத்தை ஏன் ஆமைமேல் திணிக்கிறீர்கள் என்றார். நாகரிகமான கேள்வி. ஆனால் மூன்றடித் தொட்டிக்குள் விருப்பம் என்பது எது? நீரின் ஆழத்தையும், வெயில் எரியும் நேரத்தையும், இரை விழும் வேளையையும் நான் முடிவு செய்துவிட்டு, இறாலை மட்டும் அவன் தேர்வு என்று சொல்வது கைகழுவுதல். இப்படிக் கைகழுவுகிறவர்களில் சிலர் ஒரு நாள் தொட்டியோடு போய் நீர்த்தேக்கத்திலும் விட்டுவிடுகிறார்கள். வெசாக் நாளையொட்டிப் புண்ணியம் என்று விடுகிறவர்களும் உண்டு. அதைத் தடுக்கவே தேசியப் பூங்காக் கழகம் தனி இயக்கம் நடத்த வேண்டியிருக்கிறது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. முப்பது ஆண்டுகூட வாழக்கூடிய ஒன்றை வீட்டுக்குள் விடுகிறவர், அத்தனை காலம் காரட் நறுக்கத் தயாரா என்று முதலில் யோசிக்கலாம். நான் யோசிக்கவில்லை, இப்போது நறுக்குகிறேன்.

இறால் இப்போது வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை. லெட்டூஸைக் கிழிக்கும் சத்தம் கூடத்தில் அமர்ந்திருப்பவருக்குக் கேட்கும். பூசணியை மட்டும் இன்றுவரை ஒதுக்குகிறான். அதில் எதைக் கலக்கலாம் என்று அம்மா யோசித்துக்கொண்டிருக்கிறார்.