தேதி போடாத படம்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவன். முகம் வாடியிருந்தது. "மெமோ குடுத்துட்டாங்க சார்" என்றான்.

இரவு ஷிப்டில் நெட்வொர்க் முழுவதும் நின்றுவிட்டதாம். பில் போட முடியாமல் லாரிகள் கேட்டிலேயே காத்துக் கிடந்தன. ஐந்து மணி நேரம் தேடிய பிறகு, பேக்கிங் பிரிவில் ஒரு மேஜைக்கடியில் சின்ன சுவிட்ச் பெட்டி அகப்பட்டது. தரையில் கிடந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் அதில் செருகியிருக்கிறார்கள். மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த நெட்வொர்க்கையும் அடைத்துவிட்டது.

அவனிடம் நெட்வொர்க் வரைபடம் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டி அதில் இல்லை. முன்பு இருந்தவர் தற்காலிகமாக வைத்தது. அவர் பெங்களூருக்கு வேலை மாறிவிட்டார். சரியான படம் அவர் தலைக்குள்ளேயே அத்திப்பள்ளி தாண்டிப் போய்விட்டது!

நம் பக்கம் நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும். உட்பிரிவு செய்ததைப் புலப்படத்தில் ஏற்றாவிட்டால் பிறகு அண்ணன் தம்பிக்குள் வழக்குதான். இதுவும் அப்படித்தான். தவறான படம், படமே இல்லாததைவிட ஆபத்து. ஏனென்றால் அதை நம்பித் தேடுகிறோம்.

"சின்ன கம்பெனிக்குப் படம் எதுக்கு?" என்பார்கள். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் 1969 டிசம்பரில் இருந்தவை நான்கே இடங்கள். அதையும் கையால் வரைந்து வைத்தார்கள்.

அவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இரண்டு படம் வேண்டும். எந்தக் கேபிள் எந்த அறையில் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பது ஒன்று. ஐபி முகவரிகள் எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளன, எது எதனோடு பேசலாம் என்பது இன்னொன்று. ஒரு கேபிளை மாற்றினால் அன்றே படத்திலும் மாற்றி, தேதியும் பெயரும் போட வேண்டும். காகிதத்தில் ஒரு பிரதியும் வேண்டும். நெட்வொர்க் நின்றுபோன நேரத்தில் சர்வரில் உள்ள படத்தைத் திறக்க முடியாதே! அந்தக் காகிதம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், வாட்ஸ்அப் குழுவில் வேண்டாம். திருடனுக்கு வீட்டு வரைபடம் கொடுப்பது போலாகிவிடும்.

மெமோவை அவனுக்கு மட்டும் கொடுத்தது சரியல்ல என்பதே என் கருத்து. படத்தைத் திருத்த வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்காத நிர்வாகத்துக்கும் இதில் பங்குண்டு. ஆள் மாறும்போது சாவியை எண்ணி வாங்குகிறார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து சரிபார்த்து வாங்க ஏன் தோன்றவில்லை?

வகுப்பில் குறியீட்டு விளக்கம் இல்லாத தேசப்படத்துக்கு நான் மதிப்பெண் குறைப்பேன், நினைவிருக்கிறதா? இந்த வேலையில் இருப்பவர்கள் நாளைக்கே போய்ப் பாருங்கள். உங்கள் படத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்