நான் ஊற்றி மறைத்த தண்ணீர்



சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, நம் சபையின் மூத்த சகோதரி ஒருவரை டயாலிசிஸ் சிகிச்சைக்காகக் காஞ்சிபுரம் அழைத்துச் செல்லும்போது என் மாருதி 800 வழியில் நின்றுபோனதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் ஆட்டோ பிடித்து, ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், போதகருக்குப் புது வண்டி வாங்கிக் கொடுப்போம் என்று உங்களில் சிலர் காணிக்கைப் பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. ஆயினும் அந்தப் பட்டியலை மூடிவிடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். வண்டி முதுமையினால் நிற்கவில்லை. என் அசட்டையினால் நின்றது.

மூன்று மாதங்களாக ரேடியேட்டரில் நீர் குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று பார்க்காமல், வாரந்தோறும் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மூடினேன். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதை அறியாதவனா நான்? அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்தது. வெப்பமானியின் முள் மேலே ஏறியபோதும், சித்திரை வெயில் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெப்பத்தைச் சுற்றியோடும் கூலன்ட் உடனுக்குடன் எடுத்துச் செல்லாவிட்டால், அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள மெல்லிய கேஸ்கெட் பிளவுபடும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தபோது உட்புறத்தில் மோர் நுரைபோல் வெண்மை படிந்திருந்தது. நீரும் எண்ணெயும் கலந்துவிட்டன என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஒரகடத்தில் வாகனத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் நம் சபைத் தம்பி ஒருவர் துணைக்கு வந்தார். வீட்டு முற்றத்தில் மூன்று சனிக்கிழமைகள் ஆயின. பேட்டரி இணைப்பைக் கழற்றி, டைமிங் பெல்ட்டின் குறிகளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஹெட்டின் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்ததில் வளைவு தெரிந்தது. அதை மட்டும் காஞ்சிபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சமன்செய்தோம். புதிய கேஸ்கெட் வைத்து மூடுகையில் முறை தலைகீழாகும்: நடுவிலிருந்து ஓரத்திற்கு, டார்க் ரெஞ்ச் கொண்டு, பல தவணைகளில் இறுக்க வேண்டும். எனக்கோ ஒரே மூச்சில் முடித்துவிட ஆசை. தம்பி ரெஞ்சை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இறையியல் கல்லூரியில் இத்தனை பொறுமையை எவரும் என்னிடம் எதிர்பார்த்ததில்லை!

இனி என் கருத்து. 1983 டிசம்பரில் முதல் சாவி கைமாறிய மாருதி 800, 2014-இல் உற்பத்தி நின்றது. 796 சிசி, மூன்று சிலிண்டர்; திறந்து பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடிய எளிய இயந்திரம். உதிரி பாகங்களும் கிடைக்கின்றன. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது. அதைக் கூட்டினாலும் புது வண்டியின் சில மாதத் தவணைக்குள் அடங்கிவிடும். தறியில் பாவு இழை அறுந்தால் முடிச்சிட்டு மேலே நெய்யும் உங்களிடம், பழுதானதை எறிந்துவிட வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

மறுபக்கமும் உண்டு. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 வண்டிகளைவிட என் 2004 வண்டி கூடுதலாகப் புகை கக்குகிறது. அதை மறுக்க மாட்டேன். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்ட ரப்பர் குழாய்களும் அதில் இல்லை. அவற்றை மாற்றச் சொல்லியிருக்கிறேன். நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓடுபவர் புது வண்டி வாங்குவதே சரி. வாரத்தில் இரண்டு மூன்று முறை மருத்துவமனைக்கும் வீடு சந்திப்புக்கும் ஓடும் வண்டிக்கு, உங்கள் நெசவுக் கூலியிலிருந்து பணம் எடுக்க என் மனம் ஒப்பவில்லை. பரிசோதனையில் தேறாத நாளில் நானே அதைக் கழிக்கக் கொடுத்துவிடுவேன்.

இதைப் படித்துவிட்டு இளைஞர்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றத் தொடங்க வேண்டாம். பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் கைதேர்ந்த மெக்கானிக்கிடமே விடுங்கள். அவருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வடித்த கூலன்ட் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. நாயும் குழந்தையும் நெருங்காதபடி மூடி வையுங்கள். பழைய எண்ணெயை ஏரிக்கால்வாயில் ஊற்றியவர்களை நான் கண்டதுண்டு. நாங்கள் அதைக் கேனில் நிரப்பி, பழைய எண்ணெய் சேகரிப்பவரிடம் கொடுத்தோம்.

அந்தச் சகோதரியின் வீட்டிற்குச் சென்று, மூன்று மாதமும் நான் அறிந்தே ஓட்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வரும் புதன்கிழமை வண்டி வருமா என்று மட்டும் கேட்டார்கள். வரும் என்றேன்.

காணிக்கை கொடுத்தவர்கள் பொருளாளரிடம் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். வண்டி முன்போலவே காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறது. சகோதரி இப்போது முன்னிருக்கையில்தான் அமர்கிறார்கள். சாலையைப் பார்ப்பதில்லை, வெப்பமானியின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.