யாருக்கும் சொந்தமில்லாத இயந்திரமா?

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் மான்செஸ்டர் என்றோர் ஊர் உண்டு. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய பஞ்சாலை என்று பெயர் வாங்கிய அமோஸ்கேக் மில் அங்கேதான் ஓடியது. உச்சகட்டத்தில் சுமார் 17,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 1922ல் நிர்வாகம் கூலியில் 20 சதவிகிதத்தை வெட்டியது. வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 54 மணியாக உயர்த்தியது. தொழிலாளர்கள் ஒன்பது மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1935ல் மில் இழுத்து மூடப்பட்டது. அந்த மில் யாருடையது என்பதில் அங்கே எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு நம் காலத்தில் இன்னொரு கம்பெனி நடந்தது. 2015ல் பிறந்தது, நூல் நூற்கிற கம்பெனியல்ல, படம் காட்டுகிற கம்பெனி. எல்.பி.ஆர்.ஒய். என்ற நான்கு எழுத்து அதன் பெயர். 'லைப்ரரி' என்று படிக்க வேண்டுமாம். தான் அமைக்கும் இயந்திரம் எந்த முதலாளிக்கும் கட்டுப்பட்டதல்ல, தனக்கே கூடக் கட்டுப்பட்டதல்ல என்று அது பறைசாற்றியது. அந்தப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்பதை நம் தோழர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

ஷிப்ட் முடிந்து வருகிற தோழரும், நடவு முடித்துக் கரையேறுகிற தோழியும் இன்று கைப்பேசியில் பார்ப்பது யூடியூப். அது கூகுள் கம்பெனியின் சொத்து. 2006ல் 165 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. விளம்பர வருமானத்தில் படம் போட்டவருக்கு 55 பங்கு, தனக்கு 45 பங்கு என்று விகிதம் வகுத்தது கூகுள். எந்தப் படம் முன்னே வரவேண்டும், எது மூலையில் கிடக்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுவே. வாரம் பேசுகிற மிராசுதாராவது எதிரே நின்று பேசுவார். இங்கே முறையிடுவதற்கு ஆளே கிடையாது.

ஆகவே இந்த ஏகபோகத்துக்கு மாற்று வேண்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. லைப்ரரி கம்பெனியின் ஏற்பாடும் கெட்டிக்காரத்தனமானதுதான். ஏரிக்கு ஒரே மடை இருந்து அதன் சாவி ஒருவன் கையில் இருப்பதற்குப் பதிலாக, ஊரெங்கும் கிணறு வெட்டுவது போன்றது அது. ஒரு படத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பல பேருடைய கணினிகளில் பரப்பி வைப்பார்கள். எந்தப் படம் யாருடையது, எங்கே தேட வேண்டும் என்ற பதிவேடு மட்டும் 'பிளாக்செயின்' என்ற பொதுக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்குப் புத்தகத்தின் பிரதி பலரிடம் உண்டு. ஒருவர் கிழித்துப் போட்டாலும் மற்றவரிடம் இருக்கும்.

இதனால் ஒரு நல்ல காரியமும் நடந்தது. அதை மறைப்பது நியாயமல்ல. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களின் பாடங்களைப் படம் பிடித்து எல்லோரும் பார்க்க வைத்திருந்தது. காது கேளாதோர் அவற்றைப் புரிந்துகொள்ள எழுத்து இல்லை என்ற புகாரின் மேல், அது சட்டத்துக்கு விரோதம் என்று 2016ல் அமெரிக்க நீதி இலாகா சொல்லிற்று. அந்தப் புகார் முற்றிலும் நியாயமானது. பல்கலைக்கழகம் என்ன செய்தது? எழுத்துப் போடச் செலவாகும் என்று கணக்குப் பார்த்தது. 2017 மார்ச்சில் 20,000 பாடங்களையும் பொதுமக்கள் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. காது கேளாதவருக்கும் கிடைக்கவில்லை, கேட்பவருக்கும் கிடைக்கவில்லை! அந்தப் பாடங்களைப் பிரதி எடுத்துத் தன் வலையில் போட்டுக் காப்பாற்றியது லைப்ரரி கம்பெனி.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். இந்த வலைக்குள் படம் பதிவு செய்யவும் அன்பளிப்புத் தரவும் ஒரு தனி நாணயம் உண்டு. தங்கமல்ல, வெள்ளியல்ல, கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. மொத்தம் 100 கோடி நாணயம் என்று ஏற்பாடு. அதில் 40 கோடியைக் கம்பெனி முதலிலேயே தன் பெயரில் எழுதிக்கொண்டது! ஒரு பகுதி சமூகத்துக்கு, ஒரு பகுதி கூட்டாளி ஸ்தாபனங்களுக்கு, ஒரு பகுதி நடப்புச் செலவுக்கு என்று தலைப்புகள் கொடுத்தார்கள். தலைப்பு எதுவானாலும் பேனா கம்பெனி கையில் இருந்தது. ஊர்ப் பொதுக் கிணறு என்று சொல்லி, தண்ணீரில் ஐந்தில் இரண்டு பங்கை வெட்டினவன் பெயரில் பட்டா போட்டால் கிராமத்து ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

2020ல் கம்பெனி புது வேஷம் போட்டது. நாணயம், பதிவேடு என்ற பேச்செல்லாம் சாதாரண ஜனங்களை விரட்டுகிறது என்று கண்டு, 'ஒடிசி' என்ற பெயரில் யூடியூப் போலவே எளிதான தளத்தைத் திறந்தது. தட்டினால் படம் ஓடும். ஆனால் அப்படித் தட்டிப் பார்க்கிறவருக்குப் படத்தை அனுப்புவது ஊரெங்கும் உள்ள கிணறுகள் அல்ல. கம்பெனியின் சொந்தக் கணினிகள். மறுபடியும் ஒரே மடை! விஞ்ஞானம், சரித்திரம் சொல்லித்தருவோர் அங்கே வந்தார்கள். கொரோனா பற்றிப் புளுகுகிறவர்களும், யூதர்களையும் கறுப்பு மக்களையும் இழிவு செய்கிற பாசிஸ்டுகளும் வந்தார்கள். கம்பெனி பேச்சுச் சுதந்திரம் என்ற கோஷத்தை முன்னே நிறுத்திக்கொண்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜெரமி காஃப்மன், 2022ல் லிபர்டேரியன் கட்சியின் சார்பில் செனட் தேர்தலில் நின்றவர். வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது அந்தக் கட்சியின் வேதம்.

சர்க்காரோ தலையிட்டது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2021 மார்ச்சில் வழக்குத் தொடுத்தது. மோசடி என்று குற்றம் சாட்டவில்லை. பதிவு செய்யாமல் பங்கு விற்றதற்குச் சமம் என்பதே வழக்கு. இது பங்கு அல்ல, உபயோகிக்கிற நாணயம் என்று கம்பெனி வாதாடியது. 2022 நவம்பரில் நீதிபதி அதை ஏற்கவில்லை. கம்பெனி உழைத்தால் நாணயத்தின் விலை ஏறும் என்ற நம்பிக்கையை அது வாங்குவோருக்கு ஊட்டியது என்றார். கோடிக்கணக்கான நாணயத்தைத் தானே வைத்துக்கொண்டதும் அந்த நம்பிக்கைக்கு ஓர் அத்தாட்சி என்றார். அதாவது, சொந்தக்காரர் இல்லை என்று சொல்லப்பட்ட இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் இருந்தார் என்பது கோர்ட்டிலேயே அம்பலமாயிற்று.

வால் ஸ்ட்ரீட் திமிங்கலங்களின் முன்னே இந்த ஆணையம் எத்தனை தடவை கண்ணை மூடிக்கொண்டது என்று கேட்போர் உண்டு. கேட்க வேண்டியதுதான். முதலில் 2 கோடியே 20 லட்சம் டாலர் கேட்ட ஆணையம், கம்பெனியிடம் பணமில்லை என்று கண்டு இறங்கி வந்தது. 2023 ஜூலையில் விதிக்கப்பட்ட அபராதம் 1,11,614 டாலர். ஆனால் வழக்குச் செலவும் கடனும் ஏற்கெனவே கழுத்தை நெரித்திருந்தன. 2023 அக்டோபரில் கம்பெனி கதவடைப்பை அறிவித்தது. நிர்வாகிகளும் ஊழியர்களும் ராஜினாமா செய்தார்கள். ஒடிசி உள்பட இருந்த சொத்தெல்லாம் கடன்காரர்களுக்காக ரிசீவர் வசம் போயிற்று.

2024ல் ஒடிசியை ஃபார்வர்ட் ரிசர்ச் என்ற ஸ்தாபனம் வாங்கியது. ஆர்வீவ் என்ற சேமிப்பு வலையை உண்டாக்கியவர் ஆரம்பித்தது அது. அந்த வலைக்கும் தனி நாணயம் உண்டு. புது முதலாளி, புது நாணயம், மறுபடியும் அதே விடுதலைப் பேச்சு. படம் போட்ட லட்சக்கணக்கான ஜனங்களில் ஒருவரிடமாவது 'இன்னாருக்கு விற்கலாமா' என்று கேட்கப்பட்டதா? இல்லை.

இதற்கு வேறு வழியே இல்லையா என்றால், பிரான்சில் ஓர் உதாரணம் உண்டு. லியோன் நகரத்து ஃபிராமாசாஃப்ட் என்ற சங்கம் 'பீர்ட்யூப்' என்ற மென்பொருளை வளர்த்துவருகிறது. நாணயம் கிடையாது, விளம்பரம் கிடையாது. 2018ல் 20,000 யூரோ வேண்டுமென்று மக்களிடம் துண்டு ஏந்தினார்கள். 53,000 யூரோவுக்கு மேல் விழுந்தது. எந்தச் சங்கமும், எந்தப் பள்ளிக்கூடமும் இந்த மென்பொருளை இலவசமாக எடுத்துத் தன் கணினியில் தன் தளத்தை நடத்தலாம்; ஒரு தளத்தார் மற்றொரு தளத்துப் படத்தைப் பார்க்கலாம். அதே ஆண்டு யூடியூப், விளம்பர ஒப்பந்தத் தகராறில் பிளெண்டர் என்ற இலவச அனிமேஷன் மென்பொருள் ஸ்தாபனத்தின் படங்களை உலகமெங்கும் முடக்கியபோது, அந்த ஸ்தாபனம் பீர்ட்யூபில் சொந்தத் தளம் அமைத்தது.

இதிலும் கஷ்டம் உண்டு. பல ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை செய்த நிரலாளர் அங்கே ஒருவர்தான். மின்சாரக் கட்டணமும் கணினிச் செலவும் தளம் நடத்துகிறவர் தலையில்தான் விழும். அவர் சோர்ந்துபோனால் தளமும் படுத்துவிடும். சந்தா வசூலித்துச் சங்கம் நடத்துகிற நமக்கு அந்தக் கஷ்டம் புதிதல்ல.

வேலைநிறுத்தப் பந்தலையோ கூலிப் பேச்சுவார்த்தையையோ படம் பிடிக்கிற தோழர்கள் அதை யூடியூபில் போடட்டும், ஒடிசியில் போடட்டும். ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் மூலப்படத்தின் பிரதி ஒன்றைச் சங்க ஆபீசில், தேதியும் இடமும் எழுதி, இன்றைக்கே வைத்துவிடுங்கள்.