நிலை நேராக நிற்கிறதா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் என்றால், கைக்குழந்தையோடு தனியே படுக்கும் நமக்கு வாசல் கதவுதானே காவல்? அதன் தாழ்ப்பாள் சரியாக விழ, நிலை நேராக இருக்கணும்.

நிலை வைக்கும் நாளில் நல்ல நேரம், மஞ்சள், குங்குமம் எல்லாம் பார்க்கிறோம். பூஜை முடிந்ததும் இவற்றையும் பாருங்கள்:

1. நிலைக்காலின் பக்கத்திலும் முகப்பிலும் தூக்குக்குண்டு பிடிக்கச் சொல்லுங்கள். மேலே நூலுக்கும் மரத்துக்கும் 1 அங்குலம் இடைவெளி என்றால் கீழேயும் அதே 1 அங்குலம் இருக்கணும்.

2. கயிறு பிடித்து மூலைக்கு மூலை அளங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கணும். ஜன்னலுக்கும் இதேதான்.

3. இரண்டு கால்களுக்கும் நடுவே குறுக்குச் சட்டம் அடித்து, கட்டுவேலை இறுகும்வரை எடுக்காதீர்கள். இல்லாவிட்டால் கால் உள்வாங்கிவிடும்.

கொத்தனார் முகம் சுளித்தாலும் கூச்சப்படாதீர்கள். அன்றைக்கே சொன்னால் ஆப்பைத் தட்டிச் சரிசெய்யலாம். பிறகென்றால் சுவரை உடைக்கணும்.

கதவு மாட்டியதும் பாதி திறந்து கையை எடுங்கள். காற்றில்லாமலே தானாக நகர்ந்தால், நிலையோ கீலோ சாய்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் கதவு பிடித்தால், மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது என்று அர்த்தம். உடனே இழைத்தால் வெயிலில் சந்து விழும். மரம் காய்ந்தபின், கதவின் மேல் ஓரம், அடி ஓரம் விடாமல் பெயின்ட் அடியுங்கள்.